மரியாதை தாங்காத மனுசி

மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் தக்காளிக்குப் பஞ்சமில்லை. வாசலிலேயே மினுங்க மினுங்க நல்ல பழமாகக் குவித்து வைத்திருப்பார்கள். அக்கா அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார். சனிக்கிழமை தவறாமல் என்னையும் இழுத்துக்கொண்டு, பூக்கடைகளைத் தாண்டி, தேன் விற்கிறவனைத் தாண்டி, கடைசி வரிசை மூலையில் இருக்கிற ஒரு கடைக்குத்தான் போவார். அங்கே பாதித் தக்காளி நசிந்திருக்கும். கடைக்காரன் அறுபதை எட்டிப் பிடிக்கிற ஒரு தடியன். அக்காவின் தலை தெரிந்ததும் அங்கிருந்தே பிரெஞ்சில் கத்துவான்.

"வந்துவிட்டாயா அழகி? இன்றைக்கு உனக்கு என்ன வேண்டும்?"

எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

"அந்த மனுசனுக்கு மரியாதை தெரியாது அக்கா. வேற கடைக்குப் போவம்."

"தக்காளி நல்லது பிள்ளை."

"எங்கை நல்லது? கையில எடுத்தாலே சாறு வடியுது."

"குழம்புக்குத்தானே. நசிக்காமலோ குழம்பு வைக்கிறது?"

நான் பையை விரித்துப் பிடிப்பேன். அவன் ஒவ்வொரு தக்காளியாக எடுத்துப் போட்டு, இது உனக்கு, இதுவும் உனக்கு, நீ ஏன் இன்றைக்குப் பிந்தி வந்தாய் என்று வளவளப்பான். அக்கா தன் அரைகுறைப் பிரெஞ்சில் பதில் சொல்லிக்கொண்டு, பின்னால் வரிசையில் நிற்கிறவர்களைப் பற்றிய கவலையே இல்லாமல் நிற்பார். வேறெந்தக் கடையிலும் ஒரு நிமிடம் நிற்காத மனுசி அங்கே மட்டும் வேர் விட்டுவிடும்.

பிரெஞ்சிலும் நம்மைப் போலத்தான். 'ட்யூ' என்றால் நீ. 'வூ' என்றால் நீங்கள். பாரிஸ் பக்கம் எப்படியோ தெரியாது, மொன்றியலில் ட்யூவுக்குத் தட்டுப்பாடே கிடையாது. முன்பின் தெரியாதவன் முதல் வாயிலேயே ட்யூ என்பான். நான் எட்டு வயதில் இங்கே வந்து, பள்ளிக்கூடமெல்லாம் பிரெஞ்சில் படித்தவள். எனக்கு ஒருவன் ட்யூ சொன்னால் காதில் ஏறாது. அக்காவுக்கு ஒருவன் சொன்னால் மட்டும் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

அக்கா என்று சொல்கிறேனே, எனக்குச் சொந்தமில்லை. சென்ட் லோரன்டில் மருந்துக் குளிசைகளைப் போத்தலில் அடைக்கிற தொழிற்சாலை ஒன்றில் ஒரே வரிசையில் வேலை செய்தோம். எனக்கு அப்போது முப்பத்துமூன்று, அவருக்கு ஐம்பத்துநான்கு. அங்கிருந்த தமிழ்ப் பெண்கள் எல்லோரும் அவரை அக்கா என்போம். அவரைவிட மூத்த இரண்டு பேரும்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆளின் தோற்றம் அப்படி. நெடுநெடுவென்ற உயரம், நரைத்த கொண்டை, கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கும் மூக்குக் கண்ணாடி. பாடசாலை அதிபரம்மா என்றுதான் யாரும் நினைப்பார்கள். சென்னையிலிருந்து படிக்க வந்து பகுதிநேரம் வேலை செய்த பெண் ஒருத்தி முதல் நாளே "குட் மார்னிங் மேடம், உட்காருங்க மேடம்" என்றாள். அக்கா அவளைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "மேடம் இண்டைக்கு லீவு பிள்ளை" என்று சொல்லிப்போட்டுப் போய்விட்டார்.

கோயிலிலும் இதே கதை. அக்கா உள்ளே வந்தால் நாலு பேர் எழும்பிக் கதிரை தருவார்கள். "இருங்கோ அக்கா, இருங்கோ." அவர் இருக்க மாட்டார். இரண்டு மணி நேரப் பூசைக்கும் தூணோடு நிற்பார், கால் மாற்றி மாற்றி. நானும் பக்கத்தில் நின்று கால் நோவில் சாவேன்.

எல்லாவற்றிலும் மோசம் அந்த பஸ் விவகாரம். வேலை முடிந்து வெளியே வந்தால் மாசி மாதக் குளிர் மூக்கை அறுக்கும். பஸ் வரும். அக்கா ஓட்டுநரின் முகத்தை எட்டிப் பார்ப்பார். பிறகு, "இது வேண்டாம், அடுத்ததில போவம்" என்பார்.

"ஏன் அக்கா, இடம் கிடக்குத்தானே!"

"அடுத்தது வரும்."

அடுத்ததில் வருகிறவன் தாடிக்காரன் ஒருத்தன். அக்கா ஏறினால் "எப்படி இருக்கிறாய் நீ?" என்று கேட்பான். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்காகப் பதினைந்து நிமிடம் பனியில் நின்று என் கால்விரல்கள் விறைத்துப் போயிருக்கும். மனுசிக்கு அவன்மேல் ஒரு இது இருக்கிறதோ என்றுகூட எனக்குச் சந்தேகம். ஆனால் அவனோடு மேற்கொண்டு ஒரு வார்த்தை பேச மாட்டார். போய் ஒரு இருக்கையில் அமர்ந்து, கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி வருவார்.

இப்படி இருக்கையில்தான் ஒருநாள் மதியம், சாப்பாட்டு அறையில், புட்டைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"பிள்ளை, இந்த டேட்டிங் சைட் எண்டுறாங்களே, அதில எனக்கும் ஒண்டு எழுதித் தாவன். பிரெஞ்சில."

எனக்குப் புரையேறிவிட்டது.

"ஆம்பிளை தேடப் போறீங்களோ அக்கா?"

"தேடினால் என்ன, பொலிஸ் பிடிக்குமோ?"

அவருடைய கணவர் இறந்து ஒன்பது வருடமாகியிருந்தது. மகன் ரொறன்ரோவில். பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். தேடட்டுமே, யாருக்கு நட்டம்? எனக்கு உள்ளுக்குள் குதூகலம்தான். அதோடு ஒரு பொறுப்பும் வந்து சேர்ந்தது. ஊர்வாய்க்கு இது போகக்கூடாது, அக்காவின் மானம் மரியாதைக்கு ஒரு கீறல் விழக்கூடாது.

"என்ர போன்ல போடாதை. மகன் வந்தால் என்ர போனைத்தான் நோண்டிக்கொண்டிருப்பான். உன்ர போன்ல கிடக்கட்டும். வாறதை நீ வாசிச்சுச் சொல்லு," என்றார்.

அன்று பின்னேரமே அந்தத் தளத்தில் அக்காவின் வயதை ஒத்த ஆண்கள் எழுதியிருந்ததையெல்லாம் வாசித்துப் பார்த்தேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எல்லாமே ட்யூ. நீ சிரிக்கத் தெரிந்தவளா? நீ மீன் பிடிக்க வருவாயா? உனக்கு வைன் பிடிக்குமா? முகம் தெரியாது, பெயர் தெரியாது, எடுத்த எடுப்பில் நீ. எங்கள் அக்காவை ஒருத்தன் இப்படிக் கேட்கவா? நினைக்கவே எனக்கு அந்தரமாக இருந்தது. இருந்து யோசித்து, முழுவதையும் வூவில் எழுதினேன். 'நான் கணவரை இழந்தவள். நடப்பதும் சமைப்பதும் எனக்குப் பிடித்தவை. நீங்கள் பண்புள்ளவராயின் உங்களுடைய கடிதத்தை எதிர்பார்க்கிறேன். மரியாதையுடன் எழுதுபவர்களுக்கு மட்டுமே பதில் தரப்படும்.' கண்ணாடிக் கயிறு தெரிகிற மாதிரி ஒரு படமும் போட்டேன். எனக்கே என் பிரெஞ்சை நினைத்துப் பெருமை.

அடுத்த நாள் வாசித்துக் காட்டினேன்.

"இது ஆர்?" என்றார் அக்கா.

"நீங்கள்தான்."

"இவவைப் பாக்க எனக்கே பயமாக் கிடக்கு. கொஞ்சம் சாதாரணமா எழுதன் பிள்ளை."

"சும்மா இருங்கோ அக்கா. உங்கட மரியாதைக்கு இதுதான் சரி. இல்லாட்டில் கண்டதுகளும் வந்து விழும்."

அக்கா ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் வேலை மணி அடித்தது. "சரி, படிச்ச பிள்ளை நீ, உனக்குத் தெரியும்," என்று எழும்பிவிட்டார்.

கடிதங்கள் வந்தன. நான் மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் வாசிப்பேன். ட்யூ என்று தொடங்கினால் இரண்டாவது வரிக்கே போக மாட்டேன். அழி, ஆளைத் தடை செய், அடுத்தது. நிறையப் பேர் அப்படிப் போனார்கள். மிஞ்சிய வூக்காரர்களை மதியத்தில் அக்காவுக்கு வாசித்தேன். ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர், 'மதிப்புக்குரிய அம்மையீர்' என்று தொடங்கி, 'தங்களுடைய மேலான பதிலை வேண்டி' என்று முடித்திருந்தார். இன்னொருவர் தன் முழங்கால் சத்திரசிகிச்சையை மூன்று பந்தியில் விளக்கியிருந்தார், மிக்க மரியாதையாக.

அக்கா கொட்டாவி விட்டார். "பாங்கில இருந்து வந்த கடுதாசி மாதிரிக் கிடக்கு. வேற ஒருத்தரும் எழுதேல்லையோ?"

"இல்லை அக்கா."

"வடிவாப் பாத்தனியோ?"

"பாத்தனான்."

ஒவ்வொரு நாளும் கேட்பார். ஒவ்வொரு நாளும் இல்லை என்பேன். அழித்தவற்றில் ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை, ஏனென்றால் அதைத் தெரியாத்தனமாகக் கடைசிவரை வாசித்துவிட்டேன். ஒரு மனிதர் எழுதியிருந்தார்: 'நீ நடப்பாய் என்று எழுதியிருக்கிறாய். என் நாய்க்கு வயது போய்விட்டது, நடக்க மாட்டேன் என்கிறது. எனக்கோ வீட்டில் இருக்க முடியவில்லை. நீ எந்தப் பக்கம் நடப்பாய் என்று சொல். நாயை விட்டுவிட்டு வருகிறேன். உன் கண்ணாடிக் கயிறு நல்லாயிருக்கிறது.' மெட்ரோவில் தனியாகச் சிரித்தேன். சிரித்துவிட்டு அதையும் அழித்தேன். மரியாதையுடன் எழுதச் சொல்லி அவ்வளவு தெளிவாகப் போட்டிருந்தும் நீ என்கிறானே என்று எனக்குக் கோபம்.

அதற்கு இரண்டு கிழமை கழித்து, எங்கள் பகுதிக்குப் புதிதாக ஒரு மெக்கானிக் வந்தான். நாற்பது வயதிருக்கும், இந்த ஊர்க்காரன். சாப்பாட்டு அறையில் எங்கள் மேசையிலேயே வந்து உட்கார்ந்து, அக்காவைப் பார்த்து, "அந்த உப்பை இந்தப் பக்கம் தள்ளுகிறாயா?" என்றான். அக்கா சிரித்துக்கொண்டே உப்பை எடுத்தார். அவன், "நீ கொண்டுவந்தது நல்லா மணக்கிறது, என்ன அது?" என்றான். அக்கா பதில் சொல்ல வாய் எடுப்பதற்குள் நான் பாய்ந்துவிட்டேன்.

"இவர் எங்களுக்கெல்லாம் மூத்தவர். வூ என்று பேசினால் நல்லது," என்றேன், நல்ல சுத்தமான பிரெஞ்சில்.

அவன் முகம் சிவந்துபோய் எழுந்து நின்றான். "மன்னிக்க வேண்டும் மதாம். நீங்கள் தவறாக நினைக்கக்கூடாது," என்று சொல்லி, தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டான்.

அக்கா சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. வேலை முடிந்து பஸ் தரிப்பிடத்துக்கு வந்தோம். முதல் பஸ் வந்தது. யார் ஓட்டுகிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் ஏறினார். நான் பின்னால் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உன்னை ஆர் கேட்டது?" என்றார்.

"என்ன அக்கா?"

"அந்தப் பெடியன் வாயார ரெண்டு வார்த்தை கதைச்சான். அதுக்குள்ள உன்னை ஆர் நாட்டாமைக்குக் கூப்பிட்டது?"

"அவன் உங்களை நீ எண்டு..."

"ஓம். நீ எண்டுதான் சொன்னவன்." கையுறையைக் கழற்றி விரல் மடக்கத் தொடங்கினார். "அம்மா என்னை நீ எண்டுவா. செத்துப்போனா. ஐயா, அவரும் போயிட்டார். பெரியண்ணை. பேந்து என்ர மனுசன், வாய்க்கு வாய் நீயும் எடியேயும்தான், அதுவும் போயிட்டுது. ஜெர்மனியில ஒருத்தி இருக்கிறாள், என்னோட படிச்சவள். நான் மகனுக்குக் கலியாணம் செய்து வைச்சு மாமியான நாளில இருந்து அவளும் நீங்கள் எண்டுறாள். ஒம்பது வருசமா என்னை நீ எண்டு கூப்பிட வீட்டில ஒரு சனம் இல்லை, தெரியுமோ உனக்கு? அக்கா எண்டுவியள், மாமி எண்டுவியள், என்ர பிள்ளையே அம்மா நீங்கள் எண்டுறான். எல்லாரும் தள்ளி நிண்டு கும்பிடுகினம். கிட்ட வர ஒருத்தருமில்லை."

அக்காவின் குரல் உயரவேயில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"அதுக்குத்தானோ அந்தத் தக்காளிக் கடை?" என்றேன்.

"பின்னை? அந்த அழுகல் தக்காளிக்கோ?"

பஸ் ஒரு தரிப்பில் நின்று புறப்பட்டது. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒண்டு விளங்கேல்லை. இந்த ஊர் முழுக்க நீ நீ எண்டு கதைக்குது. இவ்வளவு நாளும் ஒருத்தனும் எனக்கு நீ எண்டு எழுதேல்லையோ?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"எழுதினவை."

"எங்கை?"

"அழிச்சுப்போட்டன்."

"எல்லாத்தையுமோ?"

"ஓம் அக்கா."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"ஒண்டாவது ஞாபகம் கிடக்கோ?"

நாய்க்காரரின் கடிதத்தைச் சொன்னேன், அவர் எழுதிய பிரெஞ்சிலேயே, வார்த்தை பிசகாமல். ட்யூ, ட்யூ என்று என் வாயிலிருந்து சரளமாக வந்தது. அக்கா கண்ணை மூடி யன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கேட்டார். கயிறு நல்லாயிருக்கிறது என்ற இடத்தில் உதடு கொஞ்சம் விரிந்தது.

"திருப்பிச் சொல்லு."

சொன்னேன். எதிரே இருந்த பெண் எங்களையே பார்த்தாள்.

"இப்ப தமிழில சொல்லு."

"நீங்கள் நடப்பீங்கள் எண்டு எழுதியிருக்கிறீங்கள், என்ர நாய்க்கு..."

அக்கா கண்ணைத் திறந்தார். "அவன் அப்பிடியோ எழுதினவன்?"

"இல்லை."

"அவன் எழுதின மாதிரிச் சொல்லு."

வாயைத் திறந்தேன். நீ. ஓரெழுத்து. எத்தனை ஆயிரம் தடவை எத்தனை பேருக்குச் சொன்ன சொல். வரவில்லை. இன்னொரு தடவை முயன்றேன், மறுபடியும் நீங்கள் என்றுதான் வந்தது.

"என்னால ஏலாது அக்கா."

"பிரெஞ்சில ஏலும்."

"அது வேற."

"ஓம், வேறதான்," என்றார். என் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டினார். "நீ என்ன செய்வாய். வளத்தவை அப்பிடி வளத்திட்டினம்." தன்னுடைய தரிப்புக்கு முந்தின தரிப்பிலேயே இறங்கி நடந்து போய்விட்டார். கூட இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. எனக்கு அன்று வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அன்றே எல்லாவற்றையும் மாற்றினேன். மரியாதை வரியைத் தூக்கினேன், முழுவதையும் ட்யூவில் எழுதினேன், தடை செய்தவர்களையெல்லாம் விடுவித்தேன். அழித்த கடிதங்கள் திரும்பி வரவில்லை. அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கவனித்திருக்கவில்லை, நாய் மட்டும்தான் ஞாபகம். புதிதாகச் சிலர் எழுதினார்கள். மதியத்தில் வாசித்துக் காட்டுவேன். அக்கா சிரிப்பார், ஒன்றிரண்டுக்குப் பதிலும் சொல்வார். முடிவில், "நாய்க்காரன் எழுதேல்லை, என்ன?" என்பார். நான் தலையைக் குனிவேன்.

அடுத்த கோடையில் மகன் ரொறன்ரோவில் வீடு வாங்கி அம்மாவைக் கூட்டிப்போக வந்தான். அக்காவுக்குப் போக மனமில்லை.

"பின்னை ஏன் அக்கா போறீங்கள்?"

"அம்மா, நீங்கள் வந்தால்தான் வீடு நிறையும் எண்டு கும்பிடாத குறையா நிக்கிறான். அவ்வளவு மரியாதையாக் கேக்கிறவனுக்கு எப்பிடி மாட்டன் எண்டுறது?"

போய் ஒன்பது வருடமாகிறது. மாதத்தில் ஒருநாள் தொலைபேசியில் கதைப்போம். போன ஞாயிற்றுக்கிழமையும் எடுத்தார். அங்கே எப்படி என்று கேட்டேன்.

"இஞ்ச எல்லாருக்கும் ஒரே 'யூ'தான் பிள்ளை. கடைக்காரனும் யூ, டொக்டரும் யூ, நாய்க்கும் யூ. கிட்ட வாறாங்களோ தள்ளிப் போறாங்களோ எண்டு ஒண்டும் விளங்கேல்லை." சிரித்தார். பிறகு, "உன்ர அம்மா செத்து எத்தினை மாசம் இப்ப?" என்று கேட்டார்.

"எட்டு."

"தம்பி வாறவனோ?"

"வாறவன். நல்ல பிள்ளை. நீங்கள் சாப்பிட்டீங்களோ அக்கா, மருந்து எடுத்தீங்களோ எண்டு என்னைக் கேப்பான்."

"ம். அப்ப உன்னை ஆர் நீ எண்டு கூப்பிடுகினம்?"

"இஞ்ச எல்லாரும்தான். பஸ்காரன், கடைக்காரன்..."

"அவங்களை விடு. தமிழில?"

எழும்பி அறைக்குள் நடந்தேன், போனைக் காதில் வைத்தபடி. வேலையிடத்தில் இப்போது நான்தான் எல்லோருக்கும் அக்கா. கூடப் படித்தவர்கள் ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. அப்பா எப்போதோ போய்விட்டார். கலியாணம் நான் கட்டவில்லை. யன்னல்வரை போனேன், திரும்பி வந்தேன், விரலில் ஒன்றுகூட மடங்கவில்லை. பிறகு ஒன்று மடங்கியது.

"நீங்கள்தான் அக்கா," என்றேன்.

அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் லேசில சாகக்கூடாது," என்றார். "சரி, நீ சாப்பிட்டியோ?"